படை கடல் கடக்கும் முன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டாமா?

மேற்காசியாவில் போர் மூளும் ஒவ்வொரு முறையும் வட சென்னையில் இரண்டு கவலைகள் சேர்ந்தே எழுகின்றன. ஒன்று, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. மற்றொன்று, மணலி ஆலைக்கு வரும் கச்சா எண்ணெயையும் அதைத் தொட்டு ஏறும் விலைவாசியையும் பற்றியது. இவற்றின் பின்னாலேயே மூன்றாவது கேள்வியும் வரும். இந்தப் போரில் இந்தியாவும் ஏதாவது ஒரு பக்கம் இறங்கிவிடுமா? இறங்குவதென்றால் அதை முடிவு செய்பவர் யார்? நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லையா?

இன்றைய சட்டப்படி தேவையில்லை என்பதே பதில். அயல்நாட்டு மண்ணில் போரிட இந்தியப் படையை அனுப்புவதற்கு மக்களவையிலோ மாநிலங்களவையிலோ வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. இந்த நிலை சரியானதன்று என்பதும், இதை மாற்றுவதற்கான வழி அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அதற்கு முதலில் சில அடிப்படைகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

போரில் இறங்குவது என்றால் எது?

ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது முறைப்படி போர் அறிவிப்பது இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அமெரிக்கா கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூன் மாதத்தில். கொரியா, வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் ஆகிய எல்லாப் போர்களையும் அது அறிவிப்பு இல்லாமலேயே நடத்தியது. ஆகவே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பங்கேற்பு எந்தப் படியில் இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

1. இடமும் வசதியும் தருதல்: போரிடும் நாட்டின் விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவது, கப்பல்களைப் பழுதுபார்ப்பது, வான்வழியைத் திறந்துவிடுவது.

2. ஆயுதமும் தகவலும் தருதல்: வெடிமருந்து விற்பது, உளவுத் தகவலைப் பகிர்வது, படைகளுக்குப் பயிற்சி அளிப்பது.

3. ஐ.நா. கொடியின் கீழ் அமைதி காக்கப் படை அனுப்புதல்: கொள்கையளவில் இது போரன்று. ஆனால் 1961இல் காங்கோவில் ஐ.நா. பணியில் இருந்த இந்திய வீரர்கள் நேரடியாகவே போரிட நேர்ந்தது. கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றது அந்தக் களத்தில்தான்.

4. வேறொரு அரசின் அழைப்பின் பேரில் அந்நாட்டுக்குள் ஆயுதப் படையை அனுப்புதல்.

5. அழைப்பின்றி, இன்னொரு நாட்டின் மீது நேரடியாகத் தாக்குதல் நடத்துதல்.

முதல் படி தொலைவில் நடக்கும் விவகாரம் போலத் தோன்றலாம். அப்படியன்று. 1991 வளைகுடாப் போரின்போது, சந்திரசேகர் தலைமையிலான சிறுபான்மை அரசு அமெரிக்க இராணுவப் போக்குவரத்து விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதித்தது. சென்னையும் அவற்றில் ஒன்று. செய்தி வெளியாகி, அந்த அரசை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த காங்கிரசே எதிர்த்த பிறகு, பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. அனுமதி தருவதற்கு முன் எந்த அவையும் கேட்கப்படவில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு எண்ணூருக்கு வடக்கே, காட்டுப்பள்ளியில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கும் வெடிமருந்தும் கொண்டுசெல்லும் சார்லஸ் ட்ரூ என்ற கப்பல் அங்குள்ள கப்பல் கட்டும் தளத்துக்குப் பழுதுபார்ப்புக்காக வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டில் அது தொடர் ஒப்பந்தமாகவும் மாறியது. இதனால் இந்தியா எந்தப் போரிலும் இறங்கிவிட்டது என்று சொன்னால் அது தவறு. இது வணிக ஒப்பந்தம், நம் தொழிலாளர்களுக்கு வேலை தரும் ஒப்பந்தம். ஆனால் 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி, நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் போரிடும் நாட்டின் போர்க்கப்பல் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கடலில் செல்லத் தேவையான அளவுக்குப் பழுதுபார்க்கலாமே தவிர, அதன் போர்த்திறனைக் கூட்டக் கூடாது. அப்படியிருக்க, அமெரிக்கா நேரடியாக ஒரு பெரும் போரில் இருக்கும் காலத்தில் காட்டுப்பள்ளியில் எதை அனுமதிக்கலாம், எதை அனுமதிக்கக் கூடாது என்பது நாட்டின் நடுநிலையையே தொடும் முடிவு. 2016 ஆகஸ்டில் கையெழுத்தான இந்திய–அமெரிக்கத் தளவாட ஒப்பந்தம், கூட்டுப் பயிற்சி, துறைமுக வருகை, பேரிடர் உதவி போன்றவற்றைத் தாண்டிய சூழல்களில் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்கிறது. பரிசீலிப்பது அரசு மட்டுமே.

அரசமைப்புச் சட்டம் சொல்வதும் சொல்லாததும்

ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் பாதுகாப்பு, முப்படைகள், வெளியுறவு, உடன்படிக்கைகள், போரும் அமைதியும் ஆகிய அனைத்தும் இருக்கின்றன. அதாவது, இவற்றில் சட்டமியற்றும் அதிகாரம் முழுவதும் நாடாளுமன்றத்துடையது. தமிழ்நாடு சட்டமன்றம் கோரிக்கைத் தீர்மானம் நிறைவேற்றலாமே தவிர வேறொன்றும் செய்ய இயலாது. ஆனால் பிரிவு 73 ஒன்றைச் சேர்க்கிறது: நாடாளுமன்றம் எவற்றில் சட்டம் இயற்றலாமோ, அவற்றிலெல்லாம் ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரமும் செல்லும். நாடாளுமன்றம் சட்டம் இயற்றாமல் விட்டிருக்கும் இடத்தில் அரசு தன் முடிவுப்படி நடக்கலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள். வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றவில்லை. எனவே, பிரதமரும் உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு அமைச்சர்களும் அடங்கிய பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடி முடிவெடுத்தால் போதும்.

இப்போது பிரிவு 53(2)ஐப் பார்க்க வேண்டும். முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும் என்று சொல்லும் அந்தப் பிரிவு அதோடு நிற்கவில்லை. அந்தத் தலைமையைச் செலுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்றும் சொல்கிறது. நம் அரசமைப்பை எழுதியவர்கள் படையை ஏவும் அதிகாரத்தைக் கட்டற்றதாக விட நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. படைவீரர்களின் பணி, ஒழுங்கு, தண்டனை ஆகியவற்றுக்காக 1950இலேயே இராணுவச் சட்டமும் விமானப்படைச் சட்டமும் வந்தன. 1957இல் கடற்படைச் சட்டம் வந்தது. வீரர் ஒருவர் விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பினால் என்ன தண்டனை என்பதற்குச் சட்டம் இருக்கிறது. அவரை அயல்நாட்டுப் போருக்கு அனுப்பும் முடிவு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லை.

இதன் முரண்பாட்டை உணர, நெருக்கடி நிலை குறித்த பிரிவு 352ஐ அருகில் வைத்துப் பார்க்கலாம். போரையோ வெளிநாட்டுப் படையெடுப்பையோ காரணம் காட்டி உள்நாட்டில் நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டுமானால், அமைச்சரவை அதை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கோடும் ஒப்புதல் தர வேண்டும். இல்லையேல் அறிவிப்பு காலாவதியாகிவிடும். 1975இன் கசப்பான அனுபவத்துக்குப் பின், 1978இன் 44ஆவது திருத்தம் இந்தப் பூட்டுகளைப் போட்டது. ஒரு மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவந்தாலும் இரண்டு மாதங்களுக்குள் இரு அவைகளின் ஒப்புதல் தேவை. ஆனால் பல்லாயிரம் வீரர்களைக் கடல் கடந்து அனுப்பி ஆண்டுக்கணக்கில் போரிடச் செய்ய, ஒரு மாதத்துக்குப் பிறகுகூட ஓர் ஒப்புதல் தேவையில்லை.

பணத்தின் வழியே நாடாளுமன்றம் கட்டுப்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். ஏட்டளவில் உண்மைதான், அவை ஒதுக்காத ஒரு ரூபாயையும் அரசு செலவிட முடியாது. ஆனால் பாதுகாப்புச் செலவுக்காக அரசு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை மொத்தமாக வருகிறது. இந்தப் போருக்கு இவ்வளவு என்று தனியாக வருவதில்லை. பல ஆண்டுகளில் அது விவாதமே இல்லாமல் மற்றக் கோரிக்கைகளோடு சேர்த்து நிறைவேற்றப்படுகிறது. 2018 மார்ச்சில் மக்களவை எல்லா மானியக் கோரிக்கைகளையும் அப்படித்தான் நிறைவேற்றியது. களத்தில் வீரர்கள் நிற்கும்போது அவர்களுக்கான பணத்தை மறுக்க எந்த உறுப்பினருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. அதனால்தான் கேள்வி படை புறப்படுவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.

1858இல் இருந்த ஒரு விதி

இந்தியாவின் ஆட்சியைக் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு மாற்றிய 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இன்று பலருக்கும் தெரியாத ஒன்று. உண்மையான படையெடுப்பைத் தடுக்கவோ முறியடிக்கவோ, அல்லது திடீரென எழும் அவசரத் தேவைக்கோ அல்லாமல், இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் எந்த இராணுவ நடவடிக்கைக்கும் இந்திய வருவாயிலிருந்து செலவிட வேண்டுமானால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும் என்றது அது. 1878இல் ஆப்கானிஸ்தான் மீது படையெடுத்தபோது இலண்டன் அரசு இந்த ஒப்புதலை நாடவேண்டியிருந்தது.

இந்தியர் மீது கொண்ட அக்கறையால் இந்த விதி பிறக்கவில்லை. தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே, வேறொரு நாட்டுப் பணத்தில் வளரும் ஒரு படை அரசரின் கையில் இருந்துவிடக் கூடாது என்று அந்த நாடாளுமன்றம் அஞ்சியதே காரணம். ஒப்புதல் கேட்கப்பட்டதும் நாம் தேர்ந்தெடுக்காத அவையிடம். அதனால் அது நம்மைக் காக்கவும் இல்லை. தாதாபாய் நௌரோஜி முதலானோர் இந்திய வரிப்பணம் பேரரசின் போர்களில் கரைவதைப் பல ஆண்டுகள் எதிர்த்து வாதாடினார்கள். 1885இல் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடே மேல் பர்மாவை இணைத்துக்கொள்வதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

கேட்கப்படாத மக்கள் தலையில் போர் எப்படி விழும் என்பதை வட சென்னை நேரிலேயே கண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. உயர் நீதிமன்றச் சுவரில் அதன் நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, மத்திய சட்டமன்றத்தையோ மாகாண அரசுகளையோ ஒரு வார்த்தை கேட்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவையும் அக்டோபர் இறுதியில் விலகியது. 1942இல் ஜப்பானியப் படை வரும் என்ற அச்சத்தில் நகரமே காலியானது, 1943இல் குண்டும் விழுந்தது. பர்மாவிலிருந்து நடந்தே உயிர் தப்பி வந்த தமிழர்களின் துயரமும் அந்தப் போரின் பகுதியே.

எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் எப்படிப் போர் அறிவிக்கலாம் என்ற கேள்வியே அன்று ஆட்சியைத் துறக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. சுதந்திர நாட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு சட்டப்பிரிவுகூடப் பதிலாக எழுதப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

1987: வாக்கெடுப்பு இல்லாமல் சென்ற படை

தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பொருளில் 1987ஐவிட அழுத்தமான பாடம் வேறில்லை. அந்த ஆண்டு ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை அரசு கேட்டுக்கொண்டால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இந்தியா இராணுவ உதவி தரும் என்ற வாசகம் அதில் இருந்தது. மறுநாளே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கியது. இரு நாட்டுத் தலைவர்களின் ஒப்பமும் ஒரு கோரிக்கையும் போதுமானவையாக இருந்தன. படை புறப்படும் முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

அடுத்து நடந்ததை வரிசையாகப் பார்த்தால், வாக்கெடுப்பு எதற்காகத் தேவை என்பது விளங்கும்.

1. ஆகஸ்டில் படையின் பணி, போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பதும் போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வதும்.

2. அக்டோபரில் பணி மாறியது. விடுதலைப் புலிகளின் ஆயுதங்களை வலுக்கட்டாயமாகப் பறிக்க யாழ்ப்பாணத்தின் மீது தாக்குதல் தொடங்கியது. அமைதி காக்கச் சென்ற படை இரண்டே மாதங்களில் போரிடும் தரப்பாகிவிட்டது. அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனையில் மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள்.

3. 1989இல், அழைத்த அரசே போகச் சொன்னது. புதிய அதிபர் பிரேமதாசா படை வெளியேற வேண்டும் என்றார். அதன் பின்னும் பல மாதங்கள் படை அங்கேயே இருந்தது.

4. வி.பி. சிங் அரசு வந்த பிறகே திரும்பப் பெறுதல் விரைந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசி வீரர்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பினார்கள். அதற்குள் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்துவிட்டிருந்தார்கள். இறந்த ஈழத்தமிழ்ப் பொதுமக்களின் எண்ணிக்கைக்கு இந்தியாவில் முறையான கணக்கே எடுக்கப்படவில்லை.

இந்த நான்கு கட்டங்களில் இரண்டாவதுதான் மிக முக்கியமானது. கண்காணிப்பதற்காக அனுப்பிய படையைப் போரிடச் சொல்வது அடியோடு வேறான முடிவு. இலக்கு என்ன, எவ்வளவு காலம், பொதுமக்களைக் காக்க என்ன விதிமுறை, எப்போது முடிந்ததாகக் கொள்வோம் என்ற கேள்விகளுக்கு அரசு அவையில் நின்று பதில் சொல்லி வாக்குக் கேட்டிருந்தால், அந்தப் பதில்கள் பதிவில் இருந்திருக்கும். அன்று ஆளுங்கட்சிக்கு மக்களவையில் 400க்கும் மேற்பட்ட இடங்கள். தீர்மானம் எளிதில் நிறைவேறியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை நீட்டிப்புக் கேட்க வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், 1988இலும் 1989இலும் ஒவ்வொரு முறையும் அரசு அவைமுன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

திரும்பிய வீரர்கள் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். அப்போது முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையைத் தன்னால் வரவேற்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அதை இன்றுவரை போற்றுவோரும் உண்டு, தூற்றுவோரும் உண்டு. இரு தரப்பும் பேசாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்த வீரர்கள் தாமாகக் கப்பல் ஏறியவர்கள் அல்லர். எந்த அவையின் வாக்கும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள். பொறுப்பு இன்னாருடையது என்று பதிவு இல்லாததால், வெறுப்பு முழுவதும் சீருடை அணிந்தவர்கள் மீது இறங்கியது. முடிவெடுத்தவர்கள் எந்த வாக்கெடுப்புப் பதிவேட்டிலும் பெயர் பதியாமல் தப்பினார்கள்.

அவை கேட்கப்பட்டபோது என்ன ஆனது?

1962 அக்டோபர் 20 அன்று சீனப் போர் தொடங்கியதும், கூட்டத்தொடரை முன்கூட்டியே கூட்டச் சொல்லி எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். வாஜ்பாய் அவர்களில் ஒருவர். போர் நடந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 8 அன்று நேரு அவையைக் கூட்டினார். நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பேசினார்கள். அரசைக் கடுமையாக விமர்சித்த பேச்சுகளும் அவற்றில் இருந்தன. நாடு அதனால் பலவீனமடைந்துவிடவில்லை. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுக்குள் நடந்த இராணுவ நடவடிக்கைக்குப் பின் எதிர்க்கட்சிகள் சிறப்புக் கூட்டத்தொடர் கோரின. விவாதம் வழக்கமான மழைக்காலத் தொடரில், ஜூலை இறுதியில்தான் நடந்தது.

2003 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. இராக்கில் தன் படைக்குத் துணையாக இந்திய வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. அரசுக்குள்ளேயே அனுப்பலாம் என்று கருதியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏப்ரல் 8 அன்று மக்களவை இராக் மீதான படையெடுப்பைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஜூலை 14 அன்று அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் படை அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. தீர்மானம் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் அவையின் குரல் பதிவாகியிருந்த நிலையில் அதை மீறுவது எந்தப் பிரதமருக்கும் எளிதாக இருந்திருக்காது. அந்தப் போருக்குப் போகாமல் இருந்ததால் எத்தனை இந்தியக் குடும்பங்கள் பிழைத்தன என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

பிற நாடுகள்

ஜெர்மனியில் 1994இல் அரசமைப்பு நீதிமன்றம், ஆயுதப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2005இல் அதற்கென்றே சட்டம் வந்தது. அவசர நிலையில் படையை உடனே அனுப்பலாம்; ஆனால் அவை மறுத்தால் திரும்ப அழைக்க வேண்டும். பிரான்சில் மூன்று நாட்களுக்குள் தகவல் தர வேண்டும், நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தால் ஒப்புதல் பெற வேண்டும். அயர்லாந்தின் அரசமைப்பு, கீழவையின் இசைவின்றி அந்நாடு எந்தப் போரிலும் பங்கேற்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது.

துருக்கியில் 2003 மார்ச் 1 அன்று, அமெரிக்கப் படைகள் தன் மண்ணிலிருந்து இராக்கைத் தாக்க அனுமதிக்கும் தீர்மானத்தை அரசே கொண்டுவந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு அதிகமாக இருந்தும் தேவையான பெரும்பான்மை கிட்டாததால் அது தோற்றது. ஆளுங்கட்சிக்கு அவையில் பெரும் பலம் இருந்தும் நடந்தது இது.

பிரிட்டனில் சட்டம் இல்லை, மரபு மட்டும் உண்டு. 2013 ஆகஸ்டில் சிரியா மீது தாக்குதல் நடத்தும் தீர்மானம் 272க்கு 285 என்று தோற்றது. பிரதமர் அதை ஏற்றார். ஆனால் 2018 ஏப்ரலில் அடுத்த பிரதமர் வாக்கெடுப்பு இல்லாமலேயே சிரியாவில் தாக்குதல் நடத்தினார். எழுதப்படாத மரபு அவ்வளவுதான் தாங்கும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்கா சான்று. 1973இன் போர் அதிகாரத் தீர்மானம், படையை ஈடுபடுத்திய 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், ஒப்புதல் இல்லையேல் 60 நாட்களில் நிறுத்த வேண்டும் என்கிறது. 2011இல் லிபியா மீதான குண்டுவீச்சு அந்த 60 நாட்களைக் கடந்தபோது, தங்கள் படையினர் செய்வது அந்தச் சட்டம் குறிப்பிடும் மோதல் அல்ல என்று அரசு வாதிட்டது. படையைப் பயன்படுத்த 2001 செப்டம்பரில் நாடாளுமன்றம் அளித்த, ஒரே பக்கத்தில் அடங்கிய அனுமதியோ, காலக்கெடு இல்லாததால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டது. அன்று கீழவையில் எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. வரையறையும் காலக்கெடுவும் இல்லாத ஒப்புதல், ஒப்புதலே இல்லாததைவிட ஆபத்தானதாகலாம்.

எழும் மறுப்புகள்

அவசரம் என்பது முதல் மறுப்பு. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் ஆயுதக் குழு ஒன்று ஆட்சியைப் பிடிக்க முயன்றபோது, அதிபர் கயூமின் வேண்டுகோளின் பேரில் இந்திய வான்குடை வீரர்கள் ஆக்ராவிலிருந்து சில மணி நேரத்தில் போய் இறங்கினார்கள். அவையைக் கூட்டிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது. இது நியாயமான வாதம். அதனால்தான் அவசரத்தில் முதலில் செயல், பிறகு ஒப்புதல் என்ற ஏற்பாடு ஜெர்மனி போன்ற நாடுகளில் இருக்கிறது. நாடு தாக்கப்படும்போது தற்காத்துக்கொள்ள யாரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை.

இரகசியம் என்பது இரண்டாவது. எந்தப் படைப்பிரிவு எந்த இரவில் எங்கே இறங்கும் என்பதை அவை கேட்கத் தேவையில்லை. எதற்காகப் போகிறோம் என்பதைக் கேட்டால் போதும்.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். பெரும்பான்மை உள்ள அரசு உத்தரவு போட்டால் வாக்கெடுப்பு வெறும் சடங்காகிவிடும். அதற்கான பதில், போர் குறித்த வாக்கெடுப்புகளை, கட்சித் தாவல் தடை விதிகள் அடங்கிய பத்தாவது அட்டவணையின் பிடியிலிருந்து விலக்குவதுதான். அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும். அது வரும்வரைகூட, பெயர் பதிவாகும் வாக்கெடுப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதியில் இறந்த வீரரின் வீட்டுக்குப் போகும்போது, தான் எப்படி வாக்களித்தார் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

பிரிவு 53(2)இன் கீழ் ஒரு சாதாரணச் சட்டம் போதும். அதில் குறைந்தது இவை இருக்க வேண்டும்.

1. இந்திய எல்லைக்கு வெளியே ஆயுதமேந்திப் போரிட நேரக்கூடிய எந்தப் பணிக்கும் இரு அவைகளின் முன் ஒப்புதல். வாக்குகள் பெயர் வாரியாகப் பதிவாக வேண்டும்.

2. தற்காப்பு, இந்தியக் குடிமக்களை மீட்பது, மாலத்தீவு போன்ற அவசர உதவி ஆகியவற்றுக்கு விலக்கு. ஆனால் 48 மணி நேரத்தில் தகவலும் 30 நாட்களுக்குள் ஒப்புதலும் வேண்டும். மறுக்கப்பட்டால் படை திரும்ப வேண்டும்.

3. ஒப்புதல் கேட்கும் தீர்மானத்திலேயே பணி, இடம், வீரர்களின் உச்ச எண்ணிக்கை, காலம் ஆகியவை எழுதப்பட வேண்டும். பணி மாறினால் புதிய ஒப்புதல். 1987 அக்டோபர் மீண்டும் நேராமல் தடுப்பது இந்த ஒரு வரிதான்.

4. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை நீட்டிப்பு வாக்கெடுப்பு. அதனுடன் இருதரப்பு உயிரிழப்பு, பொதுமக்கள் உயிரிழப்பு, செலவு ஆகியவற்றின் அறிக்கை.

5. போரிடும் நாடுகளுக்குத் துறைமுகம், விமான நிலையம், எரிபொருள், பழுதுபார்ப்பு தருவதானால், முன் ஒப்புதல் இல்லாவிட்டாலும் உடனடித் தகவலும் விவாதமும் கட்டாயம். காட்டுப்பள்ளிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நேரடியாகப் பொருந்துவது இது.

இன்றைய நிலையில் அரசு இத்தகைய மசோதாவைத் தானாகக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ள எந்த அரசும் முந்துவதில்லை. அமைச்சரல்லாத உறுப்பினர் எவரும் வெள்ளிக்கிழமைகளில் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பின் அப்படி நிறைவேறியவை 14 மட்டுமே, கடைசியாக நிறைவேறியது 1970இல். ஆயினும் தோற்கும் மசோதாவும் அவையில் விவாதிக்கப்பட்டால், அரசு தன் நிலைப்பாட்டைப் பதிவில் சொல்லியாக வேண்டும். மக்களவையின் மனுக்கள் குழுவுக்குக் குடிமக்களே கையெழுத்திட்டு மனு அனுப்பவும் முடியும். வட சென்னை உறுப்பினரிடம் அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போதல்ல, இப்போதே கேட்க வேண்டிய கேள்வி: பிரிவு 53(2)இன் கீழ் இப்படியொரு மசோதாவை நீங்கள் முன்மொழிவீர்களா?